"உனக்காக ஜெபம் பண்றேன்" என்று சொன்னது தப்பா? தன்பாலீர்ப்பு, விசுவாசம், சபை

#1 மூன்றாம்_பெஞ்சு

எங்கள் சபையில் ஒன்பது வருடமாக வாலிபர் குழுவைப் பார்த்துக்கொள்கிறேன். இறையியல் படித்தவன் இல்லை. நாற்காலி போடுவது, பாட்டுத்தாள் எடுத்துவைப்பது, யாராவது அழுதால் பக்கத்தில் உட்காருவது, இவ்வளவுதான் என் ஊழியம்.

போன வாரம் பாடல் பயிற்சி முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு, கீபோர்டு வாசிக்கும் தம்பி மட்டும் நின்றான். வயது 21. ஒயரைக் கையில் சுற்றிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னான்: "அண்ணா, எனக்குப் பொண்ணுங்க மேல எதுவும் தோணினதே இல்ல. பசங்க மேலதான். பதிமூணு வயசுலேர்ந்து." சுற்றி முடித்த ஒயரை மறுபடி பிரித்து, மறுபடி சுற்றினான்.

நான் சொன்னது: "சரி தம்பி, உனக்காக ஜெபம் பண்றேன்."

"சரிண்ணா" என்றான். அதோடு அவன் முகத்தில் ஏதோ சாத்திக்கொண்டது. இந்த வாரம் பயிற்சிக்கு வரவில்லை. கேட்டால் காய்ச்சல் என்கிறான்.

இரண்டு விஷயம் கேட்கவேண்டும். வேதம் இதைப் பற்றி என்ன சொல்கிறது என்று நான் காதால் கேட்டதோடு சரி, உட்கார்ந்து படித்ததில்லை. எங்கே ஆரம்பிப்பது? அப்புறம், வரப்போகிற ஒரு ஞாயிறு போதகர், பாவத்துக்காக அழிக்கப்பட்ட சோதோம் பட்டணத்தைப் பற்றிப் பிரசங்கிக்கப்போகிறார். இந்தத் தம்பி மேடையில், அவருக்குப் பின்னால் ஆறடி தூரத்தில் உட்கார்ந்திருப்பான். நான் என்ன செய்ய?

(ஆளைக் கண்டுபிடிக்க முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

#2 கடைசிக்காலம்

கொஞ்சம் புளித்தமா பிசைந்த மா முழுவதையும் புளிப்பாக்கும். முதலில் அவனை மேடையிலிருந்து இறக்குங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

#3 ஒலிவக்கிளை

தம்பி கடைசிக்காலம், அந்த வசனம் 1 கொரிந்தியர் 5இல் வருகிறது. தகப்பனுடைய மனைவியை வைத்துக்கொண்டு, அதைப் பற்றிக் கூச்சமும் இல்லாமல் சபையில் நடமாடிய ஒருவனைப் பற்றியது. இந்தப் பையன் எதையும் செய்ததாக மூன்றாம்பெஞ்சு எழுதவில்லை. தனக்குள் இருப்பதைச் சொல்லியிருக்கிறான். சோதிக்கப்படுவதும் பாவம் செய்வதும் ஒன்றென்றால், வனாந்தரத்தில் நாற்பது நாள் இருந்த நம் ஆண்டவரையும் சேர்த்தல்லவா குற்றம் சொல்லவேண்டி வரும்.

மூன்றாம்பெஞ்சு, நான் முப்பது வருடம் வேதபாடம் நடத்தியவன், இந்த விஷயத்தில் பழைய கட்சி. திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையில்தான் என்று நம்புகிறேன், இங்கே யார் என்ன எழுதினாலும் அது மாறப்போவதில்லை. அந்த இடத்தில் நின்றே சொல்கிறேன்: சோதோமை எடுக்கவேண்டாம் என்று உங்கள் போதகரிடம் சொல்லுங்கள். ஆதியாகமம் 19இல் நடப்பது என்ன? வீட்டுக்கு வந்த அந்நியரைப் பலவந்தப்படுத்த ஊரே திரண்டு கதவை உடைக்க வருகிறது. நியாயாதிபதிகள் 19இல் அதே காட்சி மறுபடி வருகிறது. அங்கே பலியாவது ஒரு பெண். இரண்டும் கும்பல் வன்முறை. தனியாக உட்கார்ந்து ஒயர் சுற்றுகிற பையனுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

சோதோமின் அக்கிரமம் என்ன என்று எசேக்கியேல் 16:49 பட்டியலே போடுகிறது. கர்வம், வயிறு நிறைந்த சொகுசு, அப்புறம் "சிறுமையும் எளிமையுமானவனுடைய கையை அவள் பலப்படுத்தவில்லை". அடுத்த வசனத்தில் "அருவருப்பானது" வருகிறது, யூதா 7இல் "அந்நிய மாம்சம்" வருகிறது, அவற்றை மறைக்கவில்லை. ஆனாலும் பட்டியலின் தலைப்பில் இருப்பதை விட்டுவிட்டு வாலை மட்டும் பிடித்துப் பிரசங்கம் பண்ணுவது நேர்மையில்லை.

என் நிலைப்பாட்டுக்கு அஸ்திபாரம் வேறு இடத்தில் இருக்கிறது: ஆதியாகமம் 2, அதை இயேசுவே எடுத்துப் பேசும் மத்தேயு 19, அப்புறம் ரோமர் 1. அங்கிருந்து ஆரம்பியுங்கள்.

#4 கிரேக்கப்பித்தன்

ஐயா சொன்னதோடு ஒரு சொல் ஆராய்ச்சி. எனக்கு இது பைத்தியம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கையில் இருக்கும் பழைய தமிழ் வேதாகமத்தில் 1 கொரிந்தியர் 6:9ஐத் திறந்து பாருங்கள். தேவனுடைய ராஜ்யத்தைச் சுதந்தரிப்பதில்லை என்ற பட்டியலில் "சுயபுணர்ச்சிக்காரரும், ஆண்புணர்ச்சிக்காரரும்" என்று அடுத்தடுத்து வரும். அந்த முதல் சொல் கிரேக்கத்தில் 'மலாகோய்'. நேர்ப்பொருள் 'மென்மையானவர்கள்'. மத்தேயு 11:8இல் "மெல்லிய வஸ்திரம்" என்று வருகிறதே, அதே 'மெல்லிய'தான். ஒழுக்கத்தில் தளர்ந்தவர், பெண்தன்மை கொண்டவர், உறவில் கீழ்ப்படும் ஆண் என்று பல காலம் பல பொருள் சொன்னார்கள். இடைக்கால மேற்கத்தியத் திருச்சபையில் அதை சுயஇன்பம் என்று எடுத்துக்கொண்டார்கள். இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் அந்தப் பாவத்துக்குச் சிலர் வழங்கியதாகக் குறிப்பிடும் லத்தீன் பெயரே 'மென்மை' என்றுதான் பொருள்படும். நம் தமிழ் வேதாகமத்தில் இருப்பதும் அந்தப் பழைய வாசிப்பேதான்.

யோசித்துப் பாருங்கள். ஒரே சொல். சில இங்கிலீஷ் பதிப்புகளை வாசிப்பவருக்கு அது தன்பாலீர்ப்பாளரைக் குறிக்கும் சொல், தமிழில் வாசிப்பவருக்கு வேறு யாரையோ குறிக்கும் சொல். பழைய தமிழின்படி சபையில் யாரையெல்லாம் இறக்கவேண்டி வரும் என்று நான் கணக்குப் போடவில்லை.

இரண்டாவது சொல் 'அர்செனோகோய்டாய்'. பவுலுக்கு முன்னால் வேறு யாரும் எழுதியதாகத் தடயம் கிடைக்கவில்லை. 'ஆண்', 'படுக்கை' என்ற இரண்டு சொற்களின் கூட்டு. 1946இல் வந்த ஆர்.எஸ்.வி. ஆங்கிலப் புதிய ஏற்பாட்டில்தான் முதல்முறையாக இந்த இரண்டு சொற்களையும் சேர்த்து 'ஹோமோசெக்ஷுவல்ஸ்' என்று போட்டார்கள். அதாவது செய்கையைக் குறித்த சொல், ஈர்ப்பையே குறிக்கும் சொல்லாக மாறிவிட்டது. 1971 பதிப்பில் அதே குழு அந்தச் சொல்லை எடுத்துவிட்டது.

#5 ஒலிவக்கிளை

பித்தன் பாதியில் நிறுத்திவிட்டார், மீதியை நான் சொல்கிறேன். 'ஆண்', 'படுக்கை' என்ற இரண்டு சொற்களும் பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பில், லேவியராகமம் 20:13இல், அடுத்தடுத்து நிற்கின்றன. பவுல் அங்கிருந்து எடுத்துத்தான் இந்தச் சொல்லைக் கட்டியிருக்கவேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள், நானும்தான். "சிறுவர்களைச் சீரழித்ததைத்தான் பவுல் கண்டித்தார்" என்று சிலர் வாதிடுவதும் அங்கே இடறுகிறது. லேவியராகமம் இரண்டு பேரையுமே குற்றவாளியாக்குகிறது. சீரழிக்கப்பட்டவனை ஏன் தண்டிக்கவேண்டும்?

#6 கிரேக்கப்பித்தன்

ஒத்துக்கொள்கிறேன், அது பலமான வாதம். ஆனால் ரோமர் 1ஐ வாசிக்கிறவர்கள் 1:32இல் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள், கவனித்திருக்கிறீர்களா? அதற்கு அடுத்த வசனம்: "ஆகையால், மற்றவர்களைக் குற்றவாளியாகத் தீர்க்கிறவனே, நீ யாரானாலும் சரி, போக்குச்சொல்ல உனக்கு இடமில்லை." வாசிப்பவன் "ஆமாம், அவர்கள் அப்படித்தான்" என்று தலையாட்டும் நேரத்தில் பவுல் கண்ணியை இழுக்கிறார்.

இன்னொன்று. ரோமர் 1:26இல் "சுபாவத்துக்கு விரோதமான" என்று எழுதிய அதே பவுல், ரோமர் 11:24இல் தேவன் காட்டொலிவக் கிளையை "சுபாவத்திற்கு விரோதமாய்" நல்ல மரத்தில் ஒட்டவைத்தார் என்கிறார். கிரேக்கத்திலும் அதே தொடர்தான். அங்கே அது கிருபையின் வேலை. ஐயாவின் புனைபெயரே அந்தக் கிளைதான் என்று நினைக்கிறேன் 🙂

#7 ஒலிவக்கிளை

மாட்டிவிட்டீர்கள் பித்தரே. ஆனாலும் கண்ணி வேலை செய்யவேண்டுமென்றால் இரை உண்மையாக இருக்கவேண்டும். முதல் அதிகாரத்தில் சொன்னவை பாவம் அல்ல என்றால் 2:1இல் யாரும் மாட்டமாட்டார்கள்.

#8 வெளிவாசல்

நீங்கள் இரண்டு பேரும் கிரேக்கம் விளையாடிக்கொண்டிருக்கிறீர்கள். அந்தத் தம்பி காய்ச்சல் என்று பொய் சொல்லிவிட்டு வீட்டில் படுத்திருக்கிறான்.

எனக்கு வயது 34. 19 வயதில் நானும் இப்படி ஓர் அண்ணனிடம் சொன்னேன். அவர் நல்லவர். பயந்துபோய் மூத்த ஊழியர் ஒருவரிடம் சொன்னார். அவர் "விடுதலை ஜெபம்" ஏற்பாடு செய்தார். மூன்று நாள் உபவாசம். மூன்றாம் நாள் இரவு நான்கு பேர் என் தோளைப் பிடித்துக்கொள்ள, ஒருவர் என் காதுக்குள் அந்த ஆவியின் பெயரைச் சொல்லச்சொல்லிக் கத்தினார். எனக்குத் தெரிந்தது பசி மட்டும்தான். கடைசியில் விழுந்தால் விடுவார்கள் என்று விழுந்தேன். எல்லோரும் கைதட்டி அல்லேலூயா சொன்னார்கள். அடுத்த ஞாயிறு சாட்சி சொல்லவைத்தார்கள். அந்தச் சாட்சிதான் நான் சபையில் சொன்ன முதல் பெரிய பொய். அதற்கப்புறம் ஐந்து வருடம் அந்தப் பொய்யைப் பராமரித்தேன்.

இது என் ஒருவனுடைய கதை என்று நினைக்கவேண்டாம். இந்த "மாற்றம்" ஊழியங்களில் உலகத்திலேயே பெரிதாக இருந்தது அமெரிக்காவின் எக்ஸோடஸ் இன்டர்நேஷனல், 1976இல் ஆரம்பித்தது. அதன் தலைவர் ஆலன் சேம்பர்ஸ், தான் சந்தித்தவர்களில் 99.9 சதவீதம் பேருக்கு ஈர்ப்பு மாறவில்லை என்று 2012இல் வெளிப்படையாகச் சொன்னார். 2013 ஜூனில் மன்னிப்புக் கேட்டார், அமைப்பையும் மூடிவிட்டார்கள். 37 வருடம். அத்தனை ஜெபமும் கண்ணீரும் போக, நடத்தியவர்களே சொன்ன கணக்கு இது.

இன்னொன்று. "ஓரினச்சேர்க்கை" என்ற சொல்லைத் தயவுசெய்து விடுங்கள். அந்தத் தம்பி யாரோடும் சேரவில்லை. அந்தச் சொல் ஒருவனைப் படுக்கைக்குள் தள்ளிவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பிக்கிறது. தன்பாலீர்ப்பு என்று சொல்லிப் பாருங்கள், உங்கள் மனதில் வரும் படமே மாறும்.

#9 கடைசிக்காலம்

அப்போ விடுதலையே இல்லை என்கிறீர்களா? "உங்களில் சிலர் இப்படிப்பட்டவர்களாயிருந்தீர்கள், ஆயினும் கழுவப்பட்டீர்கள்" என்று 1 கொரிந்தியர் 6:11இல் இருக்கிறதே, அதைக் கிழித்துவிடலாமா?

#10 நிழல்மரம்

சகோதரர் கடைசிக்காலம், நான் பதில் சொல்கிறேனே. வெளிவாசலிடம் கேட்காதீர்கள், அவர் போதுமான அளவு பதில் சொல்லிவிட்டார்.

நான் பெண். வயது 43. எனக்குப் பெண்கள் மேல்தான் ஈர்ப்பு. வேதத்தைப் பற்றி ஒலிவக்கிளை ஐயா என்ன நம்புகிறாரோ அதைத்தான் நானும் நம்புகிறேன், ஆகவே தனியாக வாழ்கிறேன். யாரும் திணிக்கவில்லை, படித்து, ஜெபித்து, சண்டைபோட்டு நானே எடுத்த முடிவு. நான் கழுவப்பட்டவள். அதே சமயம் என் ஈர்ப்பு அப்படியேதான் இருக்கிறது. ஒன்று இருந்தால் மற்றது இருக்காது என்று உங்களுக்கு யார் சொன்னது? அந்தப் பட்டியலில் பொருளாசைக்காரரும் உதாசினரும் உண்டு. பணத்தாசை வேரோடு போய்விட்டது என்று உங்கள் சபையில் எத்தனை பேர் சாட்சி சொல்லியிருக்கிறார்கள்?

என் பக்கத்து ஆட்களிடம்தான் எனக்கு வருத்தம் அதிகம். "தனிமையில் பரிசுத்தமாக இரு" என்று பிரசங்க பீடத்திலிருந்து சொல்ல ஒரு நிமிடம் போதும். திங்கள் முதல் சனி வரை அதை வாழ்வது நான். எங்கள் சபையின் பிரிவுகளைச் சொல்கிறேன், கேளுங்கள்: சிறுவர், வாலிபர், தம்பதியர், தாய்மார், முதியோர். வாலிபர் கூட்டத்திலிருந்து 35இல் என்னை மரியாதையாக வழியனுப்பினார்கள். போக வேறு கூட்டம் இல்லை. முதியோராக இன்னும் 17 வருடம் காத்திருக்கவேண்டும்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு சின்ன அறுவைச் சிகிச்சை. மருத்துவமனைப் படிவத்தில் "அவசரத்துக்கு அழைக்கவேண்டியவர்" என்று ஒரு கட்டம் இருக்கும். பேனாவை வைத்துக்கொண்டு அந்தக் கட்டத்தைப் பார்த்தபடியே இருந்தேன். இருபது வருடம் ஒரே சபை. எழுத ஒரு பெயர் வரவில்லை. கடைசியில் அலுவலகத் தோழியின் எண்ணை எழுதினேன், அவள் சபைக்குப் போகிறவளே இல்லை.

ஏசாயா 56இல் அண்ணகர்களுக்கு (ஆண்மை நீக்கப்பட்டவர்களுக்கு) ஆண்டவர் கொடுக்கும் வாக்கை நான் அடிக்கடி வாசிப்பேன். குமாரர் குமாரத்திகளைவிட உத்தமமான இடம், "என் ஆலயத்திலும், என் மதில்களுக்குள்ளும்". பிள்ளை இல்லாதவனுக்கு ஆலயத்துக்குள்ளேயே இடம் தருகிறேன் என்கிறார். எங்களிடம் பரிசுத்தத்தைக் கேட்கிற சபை இந்த மதிலைக் கட்டித் தந்ததா? "மனுஷன் தனிமையாயிருப்பது நல்லதல்ல" என்ற வசனத்தைக் கல்யாணத்துக்கு மட்டும் எடுத்துவைத்துக்கொண்டார்கள்.

#11 வெளிவாசல்

நிழல்மரம் அக்கா, உங்கள் பதிவை மூன்று முறை வாசித்தேன். உங்கள் முடிவோடு எனக்கு உடன்பாடில்லை. நான் ஒருவரோடு ஆறு வருடமாக வாழ்கிறேன், எங்கள் இருவரையும் ஏற்கும் ஒரு சிறு சபையில் திருவிருந்தும் எடுக்கிறேன். ஆனால் அந்தப் படிவக் கட்டம் எனக்குத் தெரியும்.

நீங்கள் சுமக்கும் சிலுவை நீங்களே எடுத்தது, என் தோளில் அடுத்தவர்கள் வைத்தார்கள். அது ஒன்றுதான் நமக்குள் வித்தியாசம் என்று படுகிறது.

ஒலிவக்கிளை ஐயாவிடம் ஒரு கேள்வி. விவாகரத்தைப் பற்றி இயேசு நேரடியாக, கடுமையாகப் பேசினார், நீங்கள் சொன்ன அதே மத்தேயு 19இல். இன்று எத்தனையோ சபைகளில் விவாகரத்தானவர்களுக்கு மறுமணம் நடக்கிறது, மூப்பராகவும் இருக்கிறார்கள். அங்கே மனிதருடைய வலியைப் பார்த்து ஒரு வழி கண்டுபிடித்தோம். இங்கே மட்டும் ஏன் கண்டுபிடிக்கக்கூடாது?

#12 ஒலிவக்கிளை

நியாயமான கேள்வி, நான் தப்பித்துக்கொள்ள விரும்பவில்லை. ஓர் இடத்தில் வேலியைத் தாழ்த்தினோம் என்பதால் எல்லா இடத்திலும் தாழ்த்தவேண்டும் என்று ஆகாது, இதுதான் என் பதில். ஆனால் முதல் வேலியைத் தாழ்த்தியபோது அதிகம் சத்தம் போடாதவர்கள் இங்கே மட்டும் கூச்சல் போடுகிறார்கள் என்பது உண்மை. விவாகரத்து நம் வீட்டுக்குள் நடந்தது. இதை அடுத்த வீட்டுப் பாவம் என்று நினைத்துக்கொள்கிறோம். நான் நடத்திய வகுப்புகளிலும் இதைப் பற்றி ஒரு பாடம் இருந்தது, விவாகரத்துக்கு ஒரு பாடமும் வைக்கவில்லை. இப்போது எழுதும்போதுதான் உறைக்கிறது.

#13 சிற்றாலயம்

கத்தோலிக்கப் பக்கத்திலிருந்து கொஞ்சம். எங்கள் மறைக்கல்வி நூலில் (1992) 2357 முதல் 2359 வரை மூன்று பத்திகள். முதல் பத்தி செயலைத் தவறு என்கிறது. இரண்டாவது, ஈர்ப்பு உள்ளவர்களை மரியாதையோடும் பரிவோடும் ஏற்கவேண்டும், அநியாயமாகப் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. மூன்றாவது, கற்புநெறியில் வாழ அவர்களுக்குத் தன்னலமற்ற நட்பு துணைநிற்கும் என்கிறது. மறையுரைகளில் முதல் பத்தியை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். மூன்றாவதை ஒருமுறைகூடக் கேட்டதில்லை. நிழல்மரம் கேட்பது அந்த மூன்றாவது பத்தியைத்தான்.

2023 டிசம்பர் 18இல் வத்திக்கான், ஒரே பாலினத் தம்பதிகளுக்கும் ஆசி வழங்கலாம் என்று 'ஃபிதூசியா சுப்ளிகான்ஸ்' ஆவணத்தில் அனுமதித்தது. திருமணம் போலத் தோன்றக்கூடாது, வழிபாட்டுச் சடங்காகவும் இருக்கக்கூடாது. எதிர்ப்பு வந்ததும், பத்துப் பதினைந்து விநாடி ஆசியைத்தான் சொன்னோம் என்று விளக்கம் கொடுத்தார்கள். 2024 ஜனவரியிலேயே ஆப்பிரிக்க ஆயர்கள், எங்கள் பகுதிக்கு இது ஒத்துவராது என்று அறிவித்துவிட்டார்கள். ஒரு பக்கம் போதவில்லை, மறுபக்கம் தாங்கமுடியவில்லை. பதினைந்து விநாடிக்கு இவ்வளவு.

#14 இரண்டாம்_கல்

யாரும் பேசாத ஒரு பக்கம் இருக்கிறது. "கல்யாணம் பண்ணிவைத்தால் சரியாகிவிடும்" என்று சொல்கிறீர்களே, அந்தக் கல்யாணத்தில் மறுபக்கம் நின்ற பெண் நான்.

அவருக்கு ஈர்ப்பு இப்படி என்று அவருடைய ஊழியருக்குத் தெரியும். ஜெபித்து, "கர்த்தர் மாற்றிவிட்டார்" என்று சொல்லித்தான் பெண் தேடினார்கள். என்னிடம் யாரும் சொல்லவில்லை. ஆறு வருடம். அவர் அடிக்கவில்லை, குடிக்கவில்லை, கெட்டவரே இல்லை. ஒவ்வொரு இரவும் ஏதோ ஒரு காரணம். நான் அழகில்லை என்று முடிவுக்கு வந்தேன். பட்டினி கிடந்து பத்துக் கிலோ குறைத்தேன். ஒரு நாள் அவர் தரையில் உட்கார்ந்து, கட்டிலில் தலையைச் சாய்த்து, எல்லாவற்றையும் சொல்லி அழுதார். என்ன நினைத்தேன் தெரியுமா? அப்பாடா, என்னிடம் குறை இல்லை. அவ்வளவுதான். கோபம் அப்புறம் வந்தது, அதுவும் அவர் மேல் இல்லை.

மூன்றாம்பெஞ்சு அண்ணா, அந்தத் தம்பிக்கு யாராவது பெண் பார்க்க ஆரம்பித்தால் எழுந்து நில்லுங்கள். அவனுக்காக மட்டும் கேட்கவில்லை.

#15 மட்டுறுத்துநர்

ஒரு பதிவை நீக்கியிருக்கிறேன். மூன்றாம்பெஞ்சு எந்தச் சபை, அந்தத் தம்பி யார் என்று ஊகிக்கும் வேலை இங்கே வேண்டாம். இன்னொருமுறை செய்தால் கணக்கு முடக்கப்படும்.

#16 புதியவர்_77

எல்லாச் சபைகளும் ஒரே மாதிரிதான் சொல்கின்றன என்று நினைத்திருந்தேன். யார் யார் எங்கே நிற்கிறார்கள்?

#17 கிரேக்கப்பித்தன்

சுருக்கமாக. மரபுவழி (ஆர்த்தடாக்ஸ்) சபைகளும் பெரும்பாலான பெந்தெகோஸ்தே, பாப்திஸ்து சபைகளும் பழைய நிலையிலேயே இருக்கின்றன. சுவீடன் திருச்சபை 2009 முதல் ஒரே பாலினத் திருமணத்தை நடத்திவைக்கிறது. தன்பாலீர்ப்பாளருக்கென்றே தொடங்கிய மெட்ரோபாலிட்டன் கம்யூனிட்டி சர்ச் 1968இலிருந்து இருக்கிறது.

நடுவில் நிற்பவர்களின் கதை கொஞ்சம் நீளம். ஐக்கிய மெத்தடிஸ்ட் சபை 1972இல், தன்பால் உறவு "கிறிஸ்தவப் போதனைக்கு ஒவ்வாதது" என்று எழுதியது. தன்பாலீர்ப்பாளர்கள் பரிசுத்த மதிப்புள்ளவர்கள் என்றும் அதே பத்தியில் எழுதியது. அந்த ஒரு வாக்கியத்துக்காக 52 வருடம் சண்டை. 2019க்கும் 2023க்கும் இடையில் அமெரிக்காவில் 7,600க்கு மேற்பட்ட சபைகள் பிரிந்துபோயின. 2024 மே மாதம் வாக்கியத்தை எடுத்துவிட்டார்கள்.

ஆங்கிலிக்கன் ஆயர்கள் 1998 லாம்பெத் மாநாட்டில் 1.10 என்ற தீர்மானம் போட்டார்கள், 526க்கு 70. இந்த நடைமுறை வேதத்துக்கு ஒவ்வாது என்பது அதில் ஒரு பிரிவு, அதை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அதே தீர்மானத்தில், தன்பாலீர்ப்பாளரின் அனுபவத்தைக் கேட்க நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம், ஞானஸ்நானம் பெற்ற விசுவாசிகள் ஈர்ப்பு எதுவானாலும் கிறிஸ்துவின் சரீரத்தில் முழு அங்கத்தினர் என்றும் இருக்கிறது. அதைக் கேட்டவர் இங்கே யாராவது உண்டா?

#18 உப்புச்சாடி

எனக்கு இவ்வளவு படிப்பு இல்லை. என் மகள் போன வருடம் சொன்னாள். நான் "ஐயோ, சபையில என்ன சொல்வாங்க" என்றேன். முதல் வார்த்தையே அது. அவள் வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டாள். ஞாயிறு தவறாமல் போன் பண்ணுவாள், இப்போது மாதத்துக்கு ஒன்று. நான் அவளுக்காகத் தினமும் அழுது ஜெபிக்கிறேன். எதற்காக ஜெபிப்பது என்றுதான் தெரியவில்லை. அவள் மாறவேண்டும் என்றா, நான் மாறவேண்டும் என்றா?

#19 ஒலிவக்கிளை

அம்மா, இந்த இழையில் நான் நிறைய பேசிவிட்டேன், உங்களுக்கு மட்டும் சொல்லத் தயங்குகிறேன். அவளுக்கு இன்றே போன் பண்ணுங்கள். ஈர்ப்பைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேளுங்கள். ஜெபத்தில் என்ன கேட்பது என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

#20 நிழல்மரம்

"அன்றைக்கு நான் சபையைப் பற்றிக் கேட்டேன், உன்னைப் பற்றிக் கேட்டிருக்கவேண்டும்" என்று மட்டும் சொல்லுங்கள் அம்மா. என் அம்மா அதைச் சொல்லாமலே போய்விட்டார்.

#21 மூன்றாம்_பெஞ்சு

பதினெட்டு நாள் கழித்து வருகிறேன். எல்லாவற்றையும் வாசித்தேன். வேத விஷயத்தில் நான் எங்கே நிற்கிறேன் என்று இன்னும் எனக்கே தெளிவில்லை, ஐயா பக்கம்தான் சாய்கிறேன் என்று நினைக்கிறேன்.

தம்பியைப் போய்ப் பார்த்தேன். "அன்னைக்கு நான் சொன்னது பதில் இல்ல தம்பி, நான் பயந்து ஓடினேன்" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். என்ன வேண்டும் என்று கேட்டேன். "யார்கிட்டயும் சொல்லாதீங்க. யாராவது கல்யாணப் பேச்ச எடுத்தா மாத்திவிடுங்க. வேற ஒண்ணும் இல்ல" என்றான். அவன் போனை எடுத்து, அவசர எண்ணில் என் பெயரைச் சேர்த்துக் காட்டினான் என்றெல்லாம் எழுத ஆசைதான், அப்படியெதுவும் நடக்கவில்லை. ஆனால் என் எண்ணை அவன் படிவங்களில் போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லிவைத்தேன். நிழல்மரம் அக்காவுக்கு நன்றி.

போதகரிடமும் போனேன். பையனைப் பற்றி மூச்சுவிடவில்லை. எசேக்கியேல் 16:49ஐ எடுத்துக் காட்டினேன். இரண்டு முறை வாசித்தார். "பார்க்கலாம்" என்றார்.

போன ஞாயிறு பிரசங்கம் நடந்தது. முக்கால் மணி நேரத்தில் பெரும்பகுதி கர்வம், ஏழைகள், நம் சபைக் கட்டட நிதி என்று போனது, முன்வரிசையில் சிலர் நெளிந்தார்கள். கடைசி ஐந்து நிமிடம் பழைய பல்லவி வந்தேவிட்டது. "இந்தக் காலத்தில் வெட்கமில்லாமல்" என்று ஆரம்பித்தார். அந்த ஐந்து நிமிடமும் நான் தம்பியைப் பார்க்கவில்லை. நான் பார்த்தால் மற்றவர்களும் பார்ப்பார்களோ என்று பயம். பாட்டுத்தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆராதனை முடிந்து எல்லோரும் போன பிறகு மேடைக்குப் போனேன். ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தான். பிரசங்கத்தைப் பற்றி ஏதாவது சொல்லவேண்டும் என்று வாயைத் திறந்தேன், எதுவும் வரவில்லை. அவன்தான் பேசினான்.

"அண்ணா, அடுத்த வாரம் மூணாவது பாட்டு ஸ்கேல் ரொம்ப மேல இருக்கு. யாருக்கும் எட்டல. ஒண்ணு இறக்கிக்கலாமா?"

இறக்கிக்கலாம் என்றேன்.